ஆளுங்கட்சி ஏன் தோற்கிறது? 1967 சொல்லும் கணக்கு

1967 பிப்ரவரியில் நடந்த தேர்தலில், அன்றைய சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் தோற்றது, திமுக வென்றது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், சொந்த ஊரான விருதுநகரிலேயே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மொத்தம் 234 இடங்களில் திமுகவுக்கு 137 இடம். காங்கிரஸுக்கு சுமார் 50.

அதே தேர்தலின் வாக்குக் கணக்கை எடுத்துப் பாருங்கள். காங்கிரஸ் வாங்கியது 41.1 சதவீதம். திமுக வாங்கியது 40.7 சதவீதம். அதாவது தோற்ற கட்சி, வென்ற கட்சியைவிட ஒரு கை கூடுதலாகவே வாக்கு வாங்கியிருக்கிறது.

அப்படியானால் மக்கள் காங்கிரஸைத் தூக்கி எறிந்தார்கள் என்று சொல்வது சரியா? பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால், ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் தொலைக்காட்சியில் கேட்கிற "ஆட்சி எதிர்ப்பு அலை", "ஆன்டி இன்கம்பன்சி" என்ற பேச்சுகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது பிடிபடும். அரசியலைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு 1967-ஐவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம். அதனால் அதையே நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

வாக்காளர் கேட்கும் முதல் கேள்வி

வாக்குச்சாவடிக்குப் போகிறவர் மனதில் இரண்டு கேள்விகள் இருக்கும். இப்போது இருப்பவர்கள் இன்னொரு முறை இருக்கலாமா? வேண்டாம் என்றால் வேறு யார்? கட்சி பார்த்து மாறாமல் வாக்களிப்பவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் எப்போதும் போடுகிற சின்னத்துக்கே போடுவார்கள். தேர்தலின் முடிவை மாற்றுவது இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் போட்டுப் பார்க்கிற மற்றவர்கள்.

முதல் கேள்விக்கான பதிலைப் பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்கிறோம். தேர்தல் அறிக்கை வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் ஆட்சி என்பது ஐந்து வருடமாக நாம் அனுபவித்த ஒன்று. ரேஷன் கடையில் என்ன கிடைத்தது, கரண்ட் எத்தனை மணி நேரம் இருந்தது, பிள்ளைக்கு வேலை கிடைத்ததா, ஆபீஸில் மனு கொடுத்தால் எத்தனை நாள் அலையவிட்டார்கள் என்பதெல்லாம் யாரும் பேசிப் புரியவைக்க வேண்டிய விஷயங்கள் இல்லை. எதிர்க்கட்சியிடம் இருப்பது பேச்சு. ஆளுங்கட்சியிடம் இருப்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கில் குறை இருந்தால் மறைக்க இடமில்லை.

1967-இல் அந்தக் குறையின் பெயர் அரிசி.

1965, 1966 இரண்டு வருடமும் நாடு முழுக்க மழை பொய்த்தது. அதற்கு முன் 1962-இல் சீனப் போர், 1965-இல் பாகிஸ்தான் போர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கோதுமையை நம்பி நாடு நாளைக் கடத்தியது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு, அதன்பின் 7 ரூபாய் 50 காசு. விலைவாசி ஏறியது. மூன்று வேளையும் சோறு சாப்பிட்டுப் பழகிய ஊரில் அரிசி கிடைப்பது பெரும்பாடாயிற்று. வீட்டுப் பெண் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். வரிசையில் நிற்கிறாள். அவள் முறை வரும்போது "அரிசி தீர்ந்துபோச்சு" என்கிறார்கள். இது ஒரு நாள் நடந்தால் அலுப்பு. மாதக்கணக்கில் நடந்தால் அது ஓட்டு.

விலைவாசியும் உணவும் மற்ற எல்லாக் குறைகளையும்விட ஏன் அதிகமாக அடிக்கின்றன என்பதற்கு இதுவே விளக்கம். ஊழல் வழக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பத்திரிகை படிக்க வேண்டும். வெளியுறவுக் கொள்கையைப் பற்றி யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். உலை வைக்க அரிசி இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் தினமும் தெரிகிற விஷயம் அது.

திமுக இதைச் சரியாகப் பிடித்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா வாக்குக் கொடுத்தார். வென்ற பிறகு சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார்கள். பணம் போதாமல் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை. ஆனாலும் 1971-இல் திமுக 184 இடங்களோடு திரும்பவும் வந்தது. திரும்பிப் பார்த்து வாக்களிப்பது என்றால், வாக்குறுதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுவது என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தத்தில் காலம் எப்படிப் போனது, இவர்கள் நமக்காகப் பாடுபடுகிறார்களா என்ற உணர்வுதான் எடை போடப்படுகிறது.

இந்தி எதிர்ப்பு மட்டும்தான் காரணமா?

1967 என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற நிலை வந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ராணுவம் வந்தது, பலர் உயிரிழந்தார்கள், சிலர் தீக்குளித்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா செய்யும் அளவுக்கு நிலைமை போனது. கல்லூரிகளை மூடியபோது மாணவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஊரில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பையன் வந்து நடந்ததைச் சொன்னால், அதைக் கேட்காத வீடு இருக்குமா? இரண்டு வருடம் கழித்து அதே மாணவர்கள்தான் தேர்தல் வேலையும் பார்த்தார்கள்.

இந்தக் கோபம் உண்மையானது, ஆழமானது. ஆனால் முழுக் காரணம் அதுவே என்று சொன்னால் ஒரு இடத்தில் இடிக்கும். அதே 1967-இல் பீகாரிலும் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. மேற்கு வங்கம், ஒடிசா, பஞ்சாப் ஆகிய இடங்களிலும் அதே கதை. பீகாரில் இந்தி எதிர்ப்பு ஏது? அங்கே இருந்தது வறட்சியும் பசியும். ஆக, நாடு முழுக்கப் பொதுவாக இருந்த காரணம் உணவுத் தட்டுப்பாடும் விலைவாசியும். தமிழ்நாட்டில் அதற்கு மேல் மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. எந்தத் தேர்தலைப் பார்த்தாலும் இப்படிப் பக்கத்து மாநிலத்தோடு வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எங்கும் இருந்த காரணம் எது, இங்கே மட்டும் இருந்த காரணம் எது என்று பிரித்துவிடலாம்.

46 எப்படி வென்றது, 41 எப்படித் தோற்றது

இப்போது ஆரம்பத்தில் பார்த்த புதிருக்கு வருவோம். 1962 தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம். இடங்கள் 206-க்கு 139. ஐந்து வருடத்தில் அது 41 ஆனது. நூறு பேரில் ஐந்து பேர் விலகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கா ஒரு கட்சி ஆட்சியை விட்டே போனது, அதுவும் இன்றுவரை திரும்பி வராத அளவுக்கு?

1962-லேயே நூற்றுக்கு 54 பேர் காங்கிரஸுக்கு வாக்களிக்கவில்லை என்பதை கவனியுங்கள். அந்த 54 பேர் பல துண்டுகளாகக் கிடந்தார்கள். திமுகவுக்கு ஒரு துண்டு, ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு ஒன்று, கம்யூனிஸ்டுகளுக்கு ஒன்று, சுயேச்சைகளுக்கு மீதி. நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்ற எல்லோரையும்விட ஒரு வாக்கு கூட வாங்கினால் போதும். எதிரே வாக்கு சிதறிக் கிடந்தால் 46 தாராளமாக ஜெயிக்கும். சில தொகுதிகளில் 35 கூட ஜெயிக்கும்.

1967-இல் அண்ணா செய்த பெரிய வேலை மேடைப் பேச்சு அல்ல, அந்தத் துண்டுகளை ஒட்டியது. ராஜாஜி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக், சோஷலிஸ்டுகள், ம.பொ.சி. என்று கொள்கையில் ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் இருந்தவர்களை ஒரே அணியில் நிறுத்தினார். திமுக 174 தொகுதிகளில் மட்டும் நின்றது, மீதியைக் கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்தது. காங்கிரஸ் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. ஏறத்தாழ 234 தொகுதிகளிலும் நின்று வாங்கிய 41-உம், 174-இல் மட்டும் நின்று வாங்கிய 41-உம் ஒன்றல்ல. ஒருவருக்கு எதிராக ஒருவர் என்று போட்டி அமைந்தவுடன், ஐந்து சதவீதச் சரிவு காங்கிரஸைப் பெரும்பாலான தொகுதிகளில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டில் பிறகும் பலமுறை வேலை செய்திருக்கிறது. 2001-இல் அதிமுகவுக்கு 31.4 சதவீதம், ஆட்சியில் இருந்த திமுகவுக்கு 30.9. அரை சதவீத வித்தியாசம். இடங்களோ அதிமுகவுக்கு 132, திமுகவுக்கு 31. அன்று கருணாநிதி ஆட்சி மீது பெரிய ஆத்திரம் இருந்ததாக இந்த வாக்குக் கணக்கு சொல்லவில்லை. தமிழ் மாநில காங்கிரஸ், பாமக, காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லோரும் எதிர் அணியில் சேர்ந்துவிட்டார்கள். ஆட்சி பறிபோனது.

நிஜமாகவே மக்கள் கொதித்துப்போய் வாக்களித்த தேர்தல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 1996-ஐப் பாருங்கள். 1991-இல் அதிமுக 168 இடங்களில் நின்று 44 சதவீத வாக்கும் 164 இடங்களும் வாங்கியது. 1996-லும் அதே 168 இடங்களில்தான் நின்றது. 21 சதவீதமும் 4 இடங்களும் கிடைத்தன. முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஊழல் குற்றச்சாட்டுகள், 1995 செப்டம்பரில் நடந்த வளர்ப்பு மகன் திருமண ஆடம்பரம், அதைப் பார்த்து முகம் சுளித்த ஏழை எளியவர்கள், காங்கிரஸை உடைத்துக்கொண்டு மூப்பனார் வெளியே வந்து திமுகவோடு சேர்ந்தது என எல்லாமே அங்கே சேர்ந்தன. வாக்கே பாதியாகக் குறைந்தால் அதை அலை என்று தாராளமாகச் சொல்லலாம். வாக்கு ஓரிரு சதவீதம் குறைந்து இடங்கள் மட்டும் கவிழ்ந்தால், அலை என்று சொல்வதற்கு முன் கூட்டணியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியது. அரசு மீது நகர மக்களுக்குக் கடும் கோபம். ஐந்தே மாதத்தில் தேர்தல். சென்னை நகரின் பெரும்பாலான தொகுதிகளைத் திமுக பிடித்தது. ஆனால் மாநிலத்தை மறுபடியும் அதிமுகவே பிடித்தது. 1984-க்குப் பிறகு ஓர் ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் திரும்பவும் வென்றது அப்போதுதான். இரண்டு அணிகளுக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம். மக்கள் நலக் கூட்டணி என்ற மூன்றாவது அணி தனியாக நின்றது, பாமக தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அதிருப்தி இருந்தது, போய்ச் சேர ஒரே இடம் இல்லாமல் பிரிந்துபோனது.

நன்றி ஏன் ஓட்டாக மாறுவதில்லை

காமராஜர் தோற்றதைப் பற்றிப் பேசும்போது "நன்றி கெட்ட ஜனங்கள்" என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர், அணை கட்டியவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் முதலமைச்சர் பதவியை விட்டது 1963-இல். 1967-இல் மக்கள் எடை போட்டது அப்போது நடந்துகொண்டிருந்த ஆட்சியை.

அன்று வாக்களிக்கும் வயது 21. 1967-இல் முதல்முறையாக வாக்களித்தவர் 1946 வாக்கில் பிறந்திருப்பார். வெள்ளைக்காரன் ஆட்சி அவருக்குப் பாட்டி சொன்ன கதை. சுதந்திரப் போராட்டம் பாடப்புத்தகத்தில் வருவது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பார்த்த ஒரே ஆட்சி காங்கிரஸ் ஆட்சி. அதனால் கண்ணில் படுகிற எல்லாக் குறைக்கும் அவர் கைகாட்டக்கூடிய ஒரே கட்சியும் அதுதான். ஒவ்வொரு தேர்தலிலும் பழைய நன்றிக்கணக்கு இல்லாத புதிய வாக்காளர்கள் பட்டியலில் சேர்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்தவர்கள், படித்து வெளியே வந்த பிள்ளைகளிடம் வேலை எங்கே என்ற கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கிடைத்தது சீக்கிரம் பழகிவிடும், இழந்தது உறுத்திக்கொண்டே இருக்கும். 2006 முதல் 2011 வரை இருந்த திமுக ஆட்சி, வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது, ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி கொடுத்தது, காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு இவை பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதே காலத்தில் மின்வெட்டு வந்தது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓட்டிய துணிக்குத்தான் கூலி. கரண்ட் போன நிமிஷம் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். இருட்டில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டுக்குக் காத்திருக்கிறார். அதற்குள் முறை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியதாகிவிடும். வாரக் கடைசியில் கையில் வாங்கும் கூலியில் குறைவது எவ்வளவு என்று அவருக்குக் காசு சுத்தமாகத் தெரியும். டிவி ஒருமுறை வந்தது. மின்வெட்டு தினமும் வந்தது. 2011-இல் கொங்கு மண்டலத்தில் திமுக அடியோடு சரிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அலைக்கற்றை விவகாரமும் குடும்ப ஆதிக்கம் என்ற பேச்சும் மாநிலம் முழுக்க அதோடு சேர்ந்துகொண்டன. மாநிலத்தில் திமுகவுக்குக் கிடைத்தது 23 இடம்.

ஊரில் இருக்கும் முகம்

புதிதாக அரசியலைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதை. முதலமைச்சரை நாம் மேடையிலும் திரையிலும் பார்க்கிறோம். ஆட்சியை நேரில் பார்ப்பது ஊர்க் கிளைச் செயலாளர் வழியாக, கவுன்சிலர் வழியாக, வட்டம், ஒன்றியம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் வழியாக.

ஒரு கிழவி முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகுதி இருக்கிறது, தாள்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனால், "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க பாட்டி" என்கிறார்கள். அந்த அவர் ஆளுங்கட்சிக்காரர். அவரைப் பார்க்க இரண்டு முறை நடக்க வேண்டும், மூன்றாவது முறை கையில் ஏதாவது வைக்க வேண்டும். பணம் கடைசியில் வந்துவிடுகிறது. அரசின் கணக்கில் அவர் ஒரு பயனாளி. அந்தக் கிழவியின் கணக்கில் நடந்தது அவமானம். அவருக்கு முதலமைச்சர் மேல் ஒரு வருத்தமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர்க்காரரின் கொட்டத்தை அடக்க அவர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த ஓட்டுதான். "இந்தத் தடவை மாத்திப் போட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சு இப்படித்தான் திண்ணையில் பிறக்கிறது.

கட்சிக்குள்ளேயும் இது நடக்கிறது. ஆட்சிக்கு வந்தவுடன் கான்ட்ராக்டர்கள், பணக்காரர்கள், நேற்றுவரை எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். பத்து வருடம் கொடி பிடித்த தொண்டன் வாசலில் நிற்கிறான். வாரியத் தலைவர் பதவி ஒன்று, கேட்டவர்கள் இருபது பேர் என்றால் பத்தொன்பது பேருக்கு வருத்தம். தேர்தல் வந்ததும் சீட் கிடைக்காதவர் உள்ளடி வேலை பார்க்கிறார், தொண்டன் வீட்டில் படுத்துக்கொள்கிறான். அரசாங்கம் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் யாரோ சிலரை வருத்தத்தான் செய்யும். இப்படிச் சேர்ந்துகொண்டே போகிற சின்னச் சின்ன அதிருப்திகள் காரணமாக, பெரிய தவறு எதுவும் செய்யாத ஆட்சிகூடத் தேர்தலுக்குத் தேர்தல் கொஞ்சம் வாக்கை இழக்கிறது. பல நாடுகளின் தேர்தல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கு இது.

யார் மேல் பழி போடுவது?

மழை பெய்யாதது அரசின் குற்றமா? இல்லை. ஆனாலும் மழை பொய்த்த ஆண்டுகளில் இந்திய வாக்காளர்கள் ஆளுங்கட்சியைத் தண்டிக்கிறார்கள் என்று மழையளவையும் தேர்தல் முடிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நிவாரணத்தில் அரசு மும்முரமாக இறங்கிய இடங்களில் அந்தத் தண்டனை குறைகிறது, முழுக்க இல்லாமல் போவதில்லை. இதை மக்களின் அறியாமை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழை இல்லை என்பதற்காக மட்டும் யாரும் கோபப்படுவதில்லை. ஏரி தூர் வாராமல் கிடந்தது, ரேஷன் லாரி வரவில்லை, அமைச்சர் வந்து எட்டிப்பார்க்கவில்லை என்பதற்காகவும் கோபப்படுகிறார்கள். இரண்டையும் வாக்குப்பதிவுப் புள்ளிவிவரம் பிரித்துக் காட்டாது.

பழியைச் சரியான ஆள் மேல் போடவும் வாக்காளர்களுக்குத் தெரியும். நெருக்கடிநிலைக்குப் பின் 1977-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றுகூட காங்கிரஸுக்குக் கிடைக்கவில்லை. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு மிகக் கொடுமையாக நடந்தது வடக்கில். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக, காங்கிரஸ் அணிக்கு 39-இல் 34. ஒரே நாடு, ஒரே பிரதமர், இரண்டு அனுபவம்.

2019 இன்னும் நுணுக்கமான உதாரணம். நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக, பாஜக அணிக்கு தமிழ்நாட்டில் கிடைத்தது தேனி ஒன்றுதான். அதையொட்டி நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில், அவற்றில் 18 அதே நாளில் நடந்தவை, அதிமுக 9 இடங்களைப் பிடித்து எடப்பாடி பழனிசாமி அரசைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரே சாவடியில் ஒரே கையால் இரண்டு பொத்தான்களை வேறு வேறாக அழுத்தியவர்கள் கணிசமாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு டெல்லி வேறு, கோட்டை வேறு. காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள் என்று மக்களை ஏளனமாகப் பேசுபவர்கள் இந்த முடிவை ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தோல்வியிலிருந்து மீள முடியுமா?

முடியும், காது கொடுத்துக் கேட்டால். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கியது. விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தது. மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் அவர் அணி தோற்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே இலவச மின்சாரம் திரும்பி வந்தது, மதமாற்றத் தடைச் சட்டம் விலக்கப்பட்டது, ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. இரண்டு வருடம் கழித்து 2006-இல் அதிமுக தோற்றது என்பது உண்மை. ஆனால் 1996 போலத் துடைத்தெறியப்படவில்லை. 32 சதவீதத்துக்கு மேல் வாக்கும் 61 இடங்களும் வாங்கியது. திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல் 96-இல் நின்றது. தேர்தலுக்கு இடையில் வருகிற தோல்வியை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு இறங்கி வரும் கட்சிக்கு மக்கள் கொஞ்சம் இடம் கொடுக்கிறார்கள்.

கேட்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் போல வேறொரு சாட்சி இல்லை. 2020 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் ராஜபக்ச சகோதரர்களின் கட்சிக்கு 59 சதவீத வாக்கு, 225-இல் 145 இடம். அதற்கு முன்பே வரிகளைக் கண்டபடி குறைத்துக் கஜானாவைக் காலி செய்திருந்தார்கள். 2021-இல் ஒரே நாளில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. 2022-இல் டாலர் தீர்ந்தது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசை, வரிசையில் நின்றே இறந்தவர்கள் உண்டு. ஜூலையில் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார். 2024 நவம்பர் தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 3 சதவீதம், 3 இடம். அங்கே விகிதாசார முறை என்பதால் கூட்டணிக் கணக்கால் நடந்த மாயம் என்று சொல்ல வழியே இல்லை. நூற்றுக்கு 56 பேர் நிஜமாகவே எழுந்து போய்விட்டார்கள்.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. நாடாளுமன்றத்தில் பிரதான எதிர்க்கட்சியாக இருந்த சஜித் பிரேமதாசவின் கட்சிக்கு 40 இடங்கள்தான் கிடைத்தன. முந்தைய அவையில் வெறும் 3 இடம் வைத்திருந்த, அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களை அள்ளியது. ஆட்சியில் இல்லாவிட்டாலும் பழைய ஆட்களும் இந்த நிலைக்குப் பங்காளிகளே என்று மக்கள் முடிவு கட்டிவிட்டால் அவர்களையும் சேர்த்தே தண்டிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே பல காலமாக மக்களின் குரலாக இருந்தவை தமிழ்க் கட்சிகள். அவை தங்களுக்குள் பிளவுபட்டுக் கிடந்தன. வேலை, வீதி, காணி என்று அன்றாடப் பிரச்சினைகளுக்கு வழி பிறக்கவில்லை என்ற சலிப்பு வளர்ந்திருந்தது. கொழும்பில் ஆட்சி செய்யாத அந்தக் கட்சிகளைத்தான் யாழ்ப்பாண வாக்காளர் தன் ஊர் ஆளுங்கட்சியாகப் பார்த்தார். 6 இடங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று.

ஆறு மாதம் கழித்து, 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அதற்குள் ஆளுங்கட்சியாகிவிட்ட தேசிய மக்கள் சக்தியின் வாக்கு நாடு முழுவதும் 61 சதவீதத்திலிருந்து 43-க்கு இறங்கியது. வடக்கில் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி மறுபடியும் முன்னுக்கு வந்தது.